தீவனம் எவன் கையில், குளம் அவன் கையில்!

தலையங்கம்

 

நெல்லில் மிச்சமில்லை, பண்ணைக்குட்டை வெட்டுங்கள், மீன் விடுங்கள் என்று சொன்னார்கள். நாமும் வெட்டினோம். கால் ஏக்கர், அரை ஏக்கர் என்று வரப்பை உடைத்து, கரை கட்டி, கட்லாவும் ரோகும் விட்டோம். கடலோரத்துக் கிராமங்களில் சிலர் வனாமி இறால் விட்டார்கள். சிலர் விரால் விட்டார்கள். இன்றைக்குக் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். குஞ்சுக்கு இவ்வளவு, டீசலுக்கு இவ்வளவு, ஆள் கூலி இவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டினாலும் எட்டாத ஒரு வரி இருக்கும். அதுதான் தீவனம். கம்பெனித் தீவனம் போட்டு இறாலோ விராலோ வளர்க்கிறவனுக்கு நூறு ரூபாய் செலவில் ஐம்பதிலிருந்து அறுபது ரூபாய் தீவன மூட்டைக்கே போகிறது.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது என்பார்கள். மீன் விட்டவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட வேண்டாம், கடன் மிஞ்சாமல் இருந்தால் போதும் என்ற நிலைமை!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. ரொக்கம் கொடுத்தால் மூட்டைக்கு ஒரு விலை, கடனுக்கு எடுத்தால் வேறு விலை. கடன் கொடுத்த டீலரே அறுவடை அன்று தராசோடு கரையில் வந்து நிற்கிறான். "என்கிட்டதான் போடணும்" என்கிறான். அவன் சொன்னதுதான் எடை, அவன் சொன்னதுதான் விலை. குளம் நம் பேரில் இருக்கிறது. பட்டா நம் பேரில் இருக்கிறது. ஆனால் குளத்துக்கு எஜமான் யார்? தீவனம் கொடுக்கிறவன்தான்!

ஆகவேதான் இந்த இதழில் தீவனத்தைப் பற்றிப் பேசுகிறோம். மட்டி, சிப்பி, நத்தை இவற்றைத் தீவனத்தில் சேர்க்கலாம் என்ற பேச்சு கிராமங்களில் வந்திருக்கிறது. கிளைக் கூட்டங்களில் பலரும் கேட்டிருக்கிறார்கள். இதில் நமக்கு லாபம் என்ன, ஆபத்து என்ன, சங்கத்தின் நிலை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியது நம் கடமை.

மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

கம்பெனித் தீவனத்தில் விலை கூடிய சரக்கு இரண்டு. ஒன்று மீன்தூள். மற்றொன்று சோயாப் புண்ணாக்கு.

மீன்தூள் எதிலிருந்து வருகிறது? மத்தி, நெத்திலி, வலையில் சிக்கும் பொடி மீன் இவற்றை அவித்து, பிழிந்து, காய வைத்து அரைப்பதுதான் மீன்தூள். நாலு கிலோவிலிருந்து ஐந்து கிலோ பச்சை மீன் போட்டால் ஒரு கிலோ தூள் கிடைக்கும். ஏழை வீட்டுக் குழம்புச் சட்டிக்கு வர வேண்டிய மத்தி ஆலைக்குப் போகிறது. வளர வேண்டிய குஞ்சு மீனும் சேர்ந்தே போகிறது. கடலில் மீன் குறைகிறது என்று கட்டுமரக்காரன் அழுகிறான். தீவனம் விலை ஏறுகிறது என்று நாம் அழுகிறோம். இரண்டு அழுகைக்கும் காரணம் ஒன்றுதான்.

உலகத்துக்கே மீன்தூள் அனுப்பும் பெரிய நாடு தென் அமெரிக்காவில் உள்ள பெரு. அங்கே 2023-ல் எல் நினோ வந்து கடல் சூடானது. அந்த ஆண்டின் முதல் நெத்திலிப் பருவத்தையே அரசாங்கம் ரத்து செய்தது. உலகச் சந்தையில் மீன்தூள் விலை எகிறியது. எங்கேயோ பெருவில் கடல் சூடானால் நம்ம ஊர்க் குட்டைக்கு வரும் மூட்டையில் விலை ஏறுது!

சோயாவின் கதையும் இதுதான். 2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை தாங்க முடியாமல் ஏறியபோது, 12 லட்சம் டன் மரபணு மாற்ற சோயாப் புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. கோழித் தீவனக்காரர்களும் இறால் தீவனக்காரர்களும் கேட்டார்கள், உடனே கிடைத்தது. அதே வேகத்தில் நம்ம கோரிக்கை எதற்காவது கிடைத்திருக்கிறதா?

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்கு மீது 50 சதம் வரி போட்டது. மறுவாரமே கரையில் இறால் விலையைக் குறைத்துக் கேட்டார்கள். இறால் விலை விழுந்த வேகத்தில் தீவன விலை விழவில்லை. ஏற்றம் என்றால் நம் தலையில், இறக்கம் என்றாலும் நம் தலையில்!

மட்டியில் என்ன விசேஷம்?

சதையைக் காய வைத்து அரைத்தால் மட்டித் தூளிலும் சிப்பித் தூளிலும் புரதம் 55 முதல் 65 சதம் வரை இருக்கிறது. நல்ல மீன்தூளுக்கு ஏறக்குறைய சமம். சோயாவில் மெத்தியோனின் என்ற சத்து குறைவு. சிப்பிச் சதையில் அது போதுமான அளவு உண்டு. இன்னொரு குணமும் இருக்கிறது. மட்டிச் சதையின் வாசனைக்கும் ருசிக்கும் மீனும் இறாலும் தேடி வந்து தின்னும். தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தாலே தின்னாமல் வீணாகிக் குளத்தின் அடியில் அழுகும் தீவனம் குறையும். தீவனம் மிச்சம், தண்ணீரும் சுத்தம்.

இதைவிடப் பெரிய விஷயம், சிப்பி வளர்க்கத் தீவனமே வேண்டாம். தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் பாசியை வடிகட்டித் தின்று வளரும் ஜீவன் அது. மூட்டை வேண்டாம், டீலர் வேண்டாம், கடன் வேண்டாம். அது இருக்கும் தண்ணீரும் தெளியும். சுவீடன் நாட்டில் லைசேக்கில் என்ற நகராட்சி 2005-ல் ஒரு காரியம் செய்தது. சாக்கடைத் தண்ணீரிலிருந்து நைட்ரஜனைப் பிரிக்கப் பெரிய ஆலைச் செலவு செய்வதற்குப் பதிலாக, கடலில் சிப்பி வளர்ப்பவருக்குப் பணம் கொடுத்தது. சிப்பி தின்று வளரும், சிப்பியை அள்ளினால் அதோடு நைட்ரஜனும் கடலை விட்டு வெளியே வரும் என்பது கணக்கு. சாப்பாட்டுக்கு விலை போகாத சிறு சிப்பியைத் தூளாக்கிக் கோழிக்கும் மீனுக்கும் போட்டுப் பார்க்கும் ஆராய்ச்சிகள் அந்தப் பக்கத்து நாடுகளில் நடந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்துக் கழிமுகங்களில் 1990-களின் நடுவிலிருந்து பெண்கள் சுய உதவிக் குழுக்கள் கல்லுமக்காய் என்னும் பச்சைச் சிப்பியை வளர்க்கிறார்கள். கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முறையைக் கற்றுக் கொடுத்தது. மூங்கில் நட்டு, கயிற்றில் குஞ்சுச் சிப்பியைத் துணியோடு சுற்றிக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குள் அறுவடை. பெரிய முதல் போடாத வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஆனால் தோழர்களே, "மட்டி வந்துவிட்டது, இனி மீன்தூளே வேண்டாம்" என்று யாராவது மேடையில் பேசினால் நம்பாதீர்கள். கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

நூறு கிலோ உயிர்ப் பச்சைச் சிப்பி எடுத்தால் அதில் பச்சைச் சதை கால் பங்குக்குக் கொஞ்சம் கூட இருக்கும். 25 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். காய்ந்து தூளாகி வருவது 5 கிலோ. மட்டியில் சதை இன்னும் குறைவு. நூறு கிலோ மட்டிக்கு 3 கிலோ தூள் வந்தால் பெரிது. ஆக ஒரு டன் தீவனத்தில் ஐந்து சதம், அதாவது 50 கிலோ சிப்பித் தூள் சேர்க்க ஒரு டன் உயிர்ச் சிப்பி வேண்டும். முழு மீன்தூளையும் மாற்ற வேண்டும் என்றால் மலை மலையாகச் சிப்பி வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை. கொஞ்சமாகச் சேர்த்து, தீவனத்தின் தரத்தைக் கூட்டுவதுதான் நடக்கிற காரியம்.

அடுத்து, யாருக்கு இது தேவை என்பதையும் பார்க்க வேண்டும். கட்லா, ரோகு, மிர்கால் வளர்ப்பவருக்கு மீன்தூளே தேவையில்லை! கெண்டைக்கு 25 முதல் 30 சதம் புரதம் போதும். தவிட்டில் சுமார் 12 சதம் புரதம். கடலைப் புண்ணாக்கில் சுமார் 42 சதம். பாதிக்குப் பாதி கலந்தால் 27 சதம் வந்துவிடுகிறது. தவிடு நம்ம அரிசி மில்லில் இருக்கிறது. புண்ணாக்கு நம்ம செக்கில் இருக்கிறது. கெண்டைக் குட்டைக்குக் கம்பெனி மூட்டை வாங்கச் சொல்லி விற்பவனிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நன்னீர் இறால் விட்டவர்களுக்குக் கூடுதல் புரதம் வேண்டும். அவர்கள் 45 கிலோ தவிடு, 45 கிலோ புண்ணாக்கு, 8 கிலோ சிப்பித் தூள், 2 கிலோ தாது உப்பு என்று கலந்தால் 29 சதம் புரதம் வருகிறது. புண்ணாக்கில் பூசணம் பிடித்திருக்கக் கூடாது, அதில் நஞ்சு உண்டு. விராலுக்கும் கொடுவாவுக்கும் 40 சதத்துக்கு மேல் புரதம் வேண்டும். வனாமிக்கு 35 சதம் அளவில் வேண்டும். இவற்றுக்கு வீட்டுக் கலவை போதாது. மாவு நைசாக அரைபட வேண்டும், குருணை தண்ணீரில் கரையாமல் நிற்க வேண்டும். அதற்கு மில் வேண்டும். அந்த மில் யாருடைய மில் என்பதுதான் நம் கேள்வி.

ஓட்டையும் மறக்க வேண்டாம். சதை போக மிச்சமெல்லாம் ஓடுதான். அது சுத்தமான சுண்ணாம்புச் சத்து. கிளிஞ்சல் சூளை நமக்குப் புதுசு இல்லை. குளத்துக்குப் போடும் சுண்ணாம்பும், முட்டைக் கோழிக்குப் போடும் ஓட்டுத் தூளும் இதிலிருந்தே கிடைக்கும்.

அவிக்காமல் போடாதே!

பச்சை மட்டியையோ நத்தையையோ இடித்து அப்படியே குளத்தில் கொட்டும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இதை உடனே நிறுத்த வேண்டும். பல மட்டி, நத்தைகளின் பச்சைச் சதையில் பி-1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது. வேக வைத்தால் அது செத்துப்போகும். பச்சைச் சதை குளத்து நோயையும் கொண்டுவரும், தண்ணீரையும் கெடுக்கும். வயல் நத்தையில் மனிதனுக்கு ஒட்டும் புழுக்களும் இருக்கலாம். ஆகவே கையாளுகிறவர் கை கழுவ வேண்டும், சதையை நன்றாக வேக வைக்க வேண்டும், வெயிலில் சருகாகக் காய வைக்க வேண்டும்.

மட்டி தண்ணீரை வடிகட்டும் ஜீவன் என்றோம். நல்லதை மட்டும் வடிகட்டாது, ஈயம், பாதரசம் போன்ற நஞ்சையும் உடம்பில் சேர்த்து வைக்கும். எண்ணூர்க் கழிமுகம் மாதிரி அனல் மின் நிலையச் சாம்பலும் ஆலைக் கழிவும் கலக்கும் தண்ணீரில் எடுத்த மட்டியைத் தீவனத்தில் சேர்த்தால், அந்த நஞ்சு மீனுக்கு வந்து, மீனிலிருந்து நம்ம தட்டுக்கு வரும். எந்த இடத்து மட்டி, யார் சோதித்தார்கள் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

இறால் தலைத் தூளும் ஓட்டுமீன் சரக்குதான். ஏற்றுமதிக் கம்பெனிகளில் இறாலின் எடையில் சுமார் நாற்பது சதம் தலையும் ஓடுமாக வீணாகிறது. அதை மீனுக்குப் போடலாம். இறாலுக்கே திருப்பிப் போட்டால் வெள்ளைப்புள்ளி வைரஸை நாமே விருந்து வைத்து அழைத்தது போல ஆகும்.

யாருடைய மட்டி?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

வங்கதேசத்தில் குல்னா, பாகேர்காட் பக்கம் நன்னீர் இறால் வளர்ப்பு பெருகியபோது, 1990-களில் சதுப்புகளிலும் வயல்களிலும் இருந்த ஆப்பிள் நத்தையை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். ஓட்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலை ஏழைப் பெண்களுக்குக் கூலி கொடுத்தது உண்மை. ஆனால் சில ஆண்டுகளில் நத்தை அருகிப்போனது. நத்தையை நம்பியிருந்த மீனும் பறவையும் பாதிக்கப்பட்டன. நத்தை போன பிறகு அந்தக் கூலியும் போனது.

அதே ஆப்பிள் நத்தைதான் நம்ம டெல்டா வயல் நத்தை. பூச்சிமருந்து அடித்து அடித்து ஏற்கெனவே பாதி போய்விட்டது. மிச்சம் இருப்பதை நத்தைகுத்தி நாரை தின்கிறது, வாத்து தின்கிறது. அறுவடை இல்லாத நாளில் விவசாயத் தொழிலாளர் வீடுகளில் நத்தைக் கறிதான் கவுச்சி. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் தடவி மட்டி எடுக்கும் பெண்களுக்கு அதுதான் அன்றாடக் கூலி. தீவனத்துக்கு மட்டி வேண்டும் என்று நாளைக்கு ஒரு கம்பெனி எந்திரத்தோடு வந்து ஆற்றுவாயை உறிஞ்சினால் இவர்கள் எங்கே போவார்கள்? ஏழையின் சட்டியிலிருந்து மத்தியைப் பிடுங்கினான். அடுத்து நத்தையையும் மட்டியையும் பிடுங்குவதா? இதை நம் சங்கம் ஒருக்காலும் ஏற்காது!

கட்டுப்பாட்டோடு எடுத்தால் நிலைக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. கொல்லம் மாவட்டத்து அஷ்டமுடிக் காயலில் மட்டி முட்டையிடும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. சிறு கண்ணி வலைக்குத் தடை. மட்டி எடுப்பவர்களையும் சேர்த்து வைத்துப் போட்ட விதிகள் இவை. 2014-ல் அந்த மட்டித் தொழிலுக்கு எம்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்று கிடைத்தது. இந்தியாவில் அந்தச் சான்று வாங்கிய முதல் மீன்பிடித் தொழில் அது.

ஆகவே சங்கத்தின் நிலை இதுதான். மனிதன் தின்னும் மட்டி மனிதனுக்கே. கயிற்றில் வளர்த்த சிப்பியில் விலை போகாத சிறிசு, உடைந்தது, ஆலையில் மிஞ்சும் கழிவு, இவை தீவனத்துக்கு. இயற்கையாக விளையும் மட்டித் திட்டுகளையும் வயல் நத்தையையும் தீவனத்துக்காக வாரக் கூடாது.

நெல் வயலை விட மாட்டோம்

இன்னொரு எச்சரிக்கை. தீவனம் மலிந்தால் இறால் குட்டையைப் பெருக்கலாம் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். 1990-களில் நம் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து விளைநிலமும் குடிதண்ணீரும் உப்பானதை மறந்துவிட முடியுமா? சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் கொண்டுவந்து பண்ணைகளுக்கு வழி திறந்தார்கள். 2023-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது சிப்பி வளர்ப்பும் சட்டத்துக்குள் வந்தது. சிப்பி வளர்ப்பு வரட்டும், நல்லதுதான். அந்தக் கதவு வழியாகப் புதிய இறால் முதலாளி நெல் வயலுக்குள் நுழைய விட மாட்டோம். கழிமுகத்தைக் குத்தகைக்கு விட்டால் முதல் உரிமை அங்கே மட்டி எடுக்கும் பெண்களுக்கே இருக்க வேண்டும்.

நம் கோரிக்கைகள்

பணம் இல்லை என்று அரசு சொல்ல முடியாது. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்கு 20,050 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். நாளொன்றுக்கு 2 டன் அரைக்கும் சிறு தீவன மில்லுக்கு 30 லட்சம் மதிப்பீட்டில், பொதுப்பிரிவினருக்கு 40 சதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதம் மானியம் என்று அதில் எழுதியிருந்தது. மிச்சப் பணத்தைக் கையில் வைத்திருப்பவனுக்குத்தானே அந்த மானியம்? அரை ஏக்கர் குட்டைக்காரன் 12 லட்சத்துக்கும் 18 லட்சத்துக்கும் எங்கே போவான்? ஆகவே கேட்கிறோம்:

1. கடலோர வட்டங்களிலும் டெல்டா வட்டங்களிலும் கூட்டுறவுத் தீவன மில் அரசே அமைத்து, மீன் வளர்ப்போர் சங்கத்திடமும் பெண்கள் குழுக்களிடமும் ஒப்படைக்க வேண்டும்.

2. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனமும், நாகையில் உள்ள மீன்வளப் பல்கலைக்கழகமும் கண்டுபிடித்த தீவன முறைகளைக் கம்பெனிக்கு விற்பதோடு நிறுத்தாமல், சிறு விவசாயிக்குத் தமிழில், செய்துகாட்டி, இலவசமாகச் சொல்லித்தர வேண்டும். மட்டித் தூள், சிப்பித் தூள் சோதனைகளை நம்ம குட்டைகளிலேயே நடத்த வேண்டும்.

3. தீவன மூட்டையில் எந்தச் சரக்கு எத்தனை சதம் என்று தமிழில் அச்சிட வேண்டும். புரதம் சரியாக இருக்கிறதா என்று விவசாயி கேட்டால் இலவசமாகச் சோதித்துக் கொடுக்க வேண்டும்.

4. கடனுக்குத் தீவனம் கொடுத்தவனிடமே மீனையும் இறாலையும் விற்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தடை செய்ய வேண்டும். மீன் வளர்ப்போருக்கு உழவர் கடன் அட்டையில் தீவனக் கடன் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.

5. கழிமுக மட்டித் திட்டுகளில் எந்திரம் வைத்து உறிஞ்சுவதைத் தடை செய்ய வேண்டும். முட்டையிடும் பருவத்துக்கு ஓய்வும், அந்த நாட்களுக்கு மட்டி எடுக்கும் பெண்களுக்கு நிவாரணமும் கொடுக்க வேண்டும்.

6. ஆலைக் கழிவு கலக்கும் கழிமுகங்களில் மட்டியைச் சோதித்து முடிவை ஊரறிய வெளியிட வேண்டும்.

தோழர்களே! இவை பெரிய கோரிக்கைகள் இல்லை. நம்ம தவிட்டையும் நம்ம புண்ணாக்கையும் வாங்கிக்கொண்டு போய், மூட்டையில் பெயர் அச்சடித்து, நமக்கே பல மடங்கு விலைக்கு விற்பதை நிறுத்து என்கிறோம். அரைக்கிற கல்லை எங்க கையில் கொடு என்கிறோம். அவ்வளவுதான்.

ஒவ்வொரு கிளையும் இந்த மாதத்துக்குள் கூட்டம் போட்டு, தங்கள் ஊரில் எத்தனை குட்டை, என்ன மீன், எவ்வளவு தீவனக் கடன் என்று கணக்கெடுத்துச் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கோடுதான் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறோம். தேதி கிளைகளுக்குத் தனியாகத் தெரிவிக்கப்படும். மீன் விட்டவர் மட்டும் வந்தால் போதாது. நெல் போடும் விவசாயியும், நத்தை பொறுக்கும் விவசாயத் தொழிலாளியும், மட்டி எடுக்கும் தாய்மாரும், மத்தி பிடிக்கும் மீனவரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். நம்மைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துத்தான் இவ்வளவு நாள் பிழைத்தார்கள்.

தீவனம் எவன் கையில் இருக்கிறதோ, குளமும் அவன் கையில்தான். அதை நம் கைக்குக் கொண்டுவருவோம்!

கூட்டுறவுத் தீவன மில் உடனே அமைத்திடு!
ஏழையின் உணவைத் தீவனமாக்காதே!
நெல் வயலை உப்பாக்காதே!
ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!

இவண்,
செயலாளர்